குடும்பத்தை டோம்பிவிலிக்கு மாற்றும் மளிகை வியாபாரி கவனிக்க வேண்டியவை

தென் மாவட்டங்களில் மளிகைக் கடை நடத்தும் நம்மவர் பலருக்கு மும்பையில் உறவுக்காரர் ஒருவராவது இருப்பார். அண்ணன் தாராவியில் கடை வைத்திருப்பார், அல்லது மைத்துனர் செம்பூரில் இருப்பார். ஊரில் வியாபாரம் மந்தமாகும் காலத்தில் அங்கிருந்து ஒரு சேதி வரும். நல்ல இடத்தில் ஒரு கடை காலியாகிறது, வந்தால் எடுத்துத் தரலாம் என்பார்கள். நகருக்குள் வீடு பார்த்தால் வாடகை கட்டுப்படியாகாது. ஆகவே குடும்பத்தை டோம்பிவிலியிலோ கல்யாணிலோ வைத்துவிட்டுத் தினமும் ரயிலில் கடைக்குப் போய் வரலாம் என்று முடிவு செய்வார்கள். சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள் லட்சக்கணக்கில் அப்படித்தான் இருக்கிறார்கள். ஆனால் மளிகைக் கடைக்காரருக்கு இந்த ஏற்பாடு பொருந்துமா என்பதை அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

டோம்பிவிலி என்பது மும்பையின் சத்ரபதி சிவாஜி மகராஜ் நிலையத்தில் இருந்து, அதாவது பழையவர்கள் வி.டி. என்று சொல்லும் நிலையத்தில் இருந்து, ஏறத்தாழ 48 கிலோமீட்டர் தூரத்தில் மத்திய ரயில்வே பாதையில் உள்ள ஊர். அடுத்த பெரிய நிலையம் கல்யாண். இந்தப் பாதை 1854ஆம் ஆண்டிலேயே கல்யாண் வரை வந்துவிட்டது. இரண்டு ஊரும் சேர்ந்து 1983 முதல் ஒரே மாநகராட்சி. 2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் இதன் மக்கள் தொகை 12 லட்சத்தைத் தாண்டியிருந்தது. தமிழ்க் குடும்பங்களும் நிறைய உண்டு. சென்னையில் இருந்து மும்பை செல்லும் ரயில்கள் பல கல்யாணில் நின்று செல்வதால் ஊருக்குப் போய் வருவதிலும் சிரமம் இல்லை.

சிரமம் நேரத்தில்தான் இருக்கிறது. விரைவு லோக்கலில் ஏறினாலும் வி.டி. போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வீட்டில் இருந்து நிலையம், நிலையத்தில் இருந்து கடை என்று சேர்த்தால் ஒரு வழிக்கு இரண்டு மணி நேரம் என்று வைத்துக் கொள்ளலாம். நாள் ஒன்றுக்கு நான்கு மணி, மாதம் 26 நாளுக்கு 104 மணி நேரம். கடையில் ஓர் ஆள் எட்டு மணி நேரம் வேலை செய்தால் அது 13 நாள் வேலைக்குச் சமம். அலுவலகத்துக்குப் போகிறவருக்கு இந்த நேரம் போனால் தூக்கம் போகும், அவ்வளவுதான். மளிகைக் கடைக்காரருக்கோ பால், முட்டை, ரொட்டி விற்கும் காலை நேரமும், வேலை விட்டு வருகிறவர்கள் சாமான் வாங்கும் இரவு நேரமும் போய்விடும். நம் கல்லா நிறைவது அந்த இரண்டு வேளையிலும்தான். அந்தக் காலை ரயில்களின் நெரிசலும் சாதாரணமானதல்ல. 2025 ஜூன் 9 அன்று இதே பாதையில் மும்ப்ரா அருகே ஓடும் ரயில்களில் இருந்து பயணிகள் தவறி விழுந்து உயிர் இழந்தனர்.

இதைவிடப் பெரிய நஷ்டம் எந்தப் பேரேட்டிலும் ஏறாதது. ஊரில் நம் கடையின் பின்கட்டில்தான் வீடு. மதியம் நாம் சாப்பிட உட்கார்ந்தால் வீட்டுக்காரி வந்து கல்லாவில் இருப்பார். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வரும் பையன் பொட்டலம் மடிப்பான். வயதான தகப்பனார் வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து யார் பாக்கி, யார் வாங்கிப் போனார் என்று பார்த்துக் கொண்டிருப்பார். இவர்கள் யாருக்கும் சம்பளம் எழுதியதில்லை. குடும்பம் டோம்பிவிலியில், கடை நகரத்தில் என்று பிரிந்தால் இந்த மூன்று பேரின் உழைப்பும் ஒரே நாளில் நின்றுவிடும். அதற்குப் பதில் இரண்டு ஆட்களையாவது போட வேண்டும். அந்தச் சம்பளத்தையும், போக்குவரத்தில் போகும் நேரத்தையும் சேர்த்துப் பார்த்தால் நகரத்தில் வீட்டு வாடகையில் மிச்சம் பிடித்ததாக நினைத்த தொகை மிஞ்சுமா என்பது சந்தேகமே.

ஆகவே என் யோசனை இதுதான். குடும்பம் டோம்பிவிலிக்குப் போவதானால் கடையும் டோம்பிவிலிக்கே போகட்டும், அதுவும் வீட்டில் இருந்து நடந்து போகும் தூரத்தில். கடை நகரத்துக்குள்தான் என்றால், முதல் இரண்டு வருடம் குடும்பம் ஊரிலேயே இருக்கட்டும்.

கொள்முதலுக்கு நகரத்துக்குள் போக வேண்டிய அவசியம் இப்போது இல்லை. மஸ்ஜித் பந்தர் பகுதியில் இருந்த மொத்த வியாபாரத்தில் பெரும் பகுதி 1980களிலும் 1990களிலும் படிப்படியாக நவி மும்பையில் வாஷியை அடுத்த துர்பே சந்தை வளாகத்துக்கு மாறிவிட்டது. தானியம், பருப்புக்கு ஒரு பகுதி, மசாலா, சர்க்கரை, உலர்பழங்களுக்கு ஒரு பகுதி என்று தனித்தனியாக இருக்கிறது. டோம்பிவிலியில் இருந்து தானே வந்து, 2004இல் திறந்த டிரான்ஸ் ஹார்பர் பாதையில் மாறினால் துர்பே நிலையத்திலேயே இறங்கலாம். விலை பேசிவிட்டுத் திரும்பினால் சரக்கு டெம்போவில் பின்னால் வரும். கல்யாணிலும் தனியாக ஒரு விளைபொருள் சந்தை உண்டு. அவசரச் சரக்குக்கு அது போதும்.

புதிய ஊரில் என்ன விற்கும் என்பதை அங்குள்ள அடுப்பைப் பார்த்துத்தான் தெரிந்து கொள்ள வேண்டும். இட்லி அரிசி, நல்லெண்ணெய், அப்பளம், காபித்தூள் ஆகியவற்றைத் தமிழ், மலையாளக் குடும்பங்கள் தேடி வந்து வாங்கும். ஆனால் அதை மட்டும் நம்பிக் கடை நடத்த முடியாது. அக்கம் பக்கத்து மராட்டியக் குடும்பங்களுக்குக் கோலம் அரிசி, இந்திராயணி அரிசி, துவரம் பருப்பு, அவல், வேர்க்கடலை, சோள மாவு ஆகியவை எப்போதும் வேண்டும். விநாயகர் சதுர்த்திக்கு மோதகம் செய்ய அரிசி மாவும் வெல்லமும் தேங்காயும், தீபாவளிக்குச் சிவ்டா செய்ய மெல்லிய அவலும் போகும். ஏகாதசி, சிராவண மாதம், நவராத்திரி என்று விரத நாள் வந்தால் ஜவ்வரிசி கிச்சடி செய்யாத வீடு குறைவு. அந்த ஜவ்வரிசி நம் சேலத்துச் சரக்கு. அங்கு ஜவ்வரிசி, ஸ்டார்ச் உற்பத்தியாளர்களின் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் 1981 முதல் இருக்கிறது. ஊரில் வாங்கத் தெரிந்த ஒருவர் இருந்தால், போட்டியாளருக்கு இல்லாத ஒரு வசதி நமக்கு இருக்கிறது என்று சொல்லலாம்.

மொழியில் முதலில் கற்க வேண்டியது அளவுகள். பாவ் கிலோ என்றால் கால் கிலோ, அர்தா என்றால் அரை, தீட் என்றால் ஒன்றரை, அடீச் என்றால் இரண்டரை. தீட் என்று கேட்டவருக்கு இரண்டு கிலோ கட்டினால் அவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். கடையின் பெயர்ப் பலகையில் பெயர் மராத்தியில், தேவநாகரி எழுத்தில் இருக்க வேண்டும். மற்ற மொழி எழுத்து அதைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு ஆள் இல்லாத சிறு கடைக்கும் இது பொருந்தும்.

இனி ஊரில் முடித்துவிட்டுப் போக வேண்டியவை. முதலாவது பற்று வரவு. கடையை மூடப் போகிறேன் என்று சொன்ன மறுநாளே பாக்கிக்காரர் வேறு தெரு வழியாகப் போக ஆரம்பித்துவிடுவார். எனவே ஆறு மாதத்துக்கு முன்பே புதுக் கடனைச் சிறிது சிறிதாகக் குறைத்து, பழைய பாக்கியைத் தவணையில் வாங்கிவிட வேண்டும். நாம் மொத்த வியாபாரிக்குத் தர வேண்டியதையும் தீர்த்துக் கணக்கில் கையெழுத்து வாங்கிக் கொள்ள வேண்டும். நாளை சேலத்தில் இருந்தோ விருதுநகரில் இருந்தோ சரக்கு கேட்கும்போது அந்தக் கையெழுத்துதான் நமக்கு நாணயம்.

இரண்டாவது ஜி.எஸ்.டி. இந்தப் பதிவு மாநிலவாரியானது. முகவரியை மாற்றி எழுதி மகாராஷ்டிரத்துக்குக் கொண்டு போக முடியாது. அங்கு புதிதாக எண் வாங்க வேண்டும், இங்குள்ளதை ரத்து செய்ய விண்ணப்பிக்க வேண்டும். ரத்தாகும் நாளில் கையிருப்பில் உள்ள சரக்குக்கு நாம் எடுத்துக்கொண்ட உள்வரியைக் கணக்கிட்டுத் திருப்பிச் செலுத்த வேண்டி வரும். பிறகு மூன்று மாதத்துக்குள் இறுதி ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டும். ஆகவே வரி உள்ள சரக்கை முன்கூட்டியே விற்றுத் தீர்ப்பது நல்லது. லாரியில் ஏற்றிக் கொண்டு போவதில் லாபம் இல்லை.

ஊர்க் கடையையும் தம்பியிடம் விட்டு நடத்தலாம் என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டு கடையும் ஒரே பான் எண்ணில் இருந்தால், 40 லட்சம் ரூபாய் வரம்பு இரண்டின் விற்பனையையும் சேர்த்துத்தான். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர் வெளி மாநிலத்துக்குச் சரக்கு அனுப்பக் கூடாது. சொந்தப் பதிவில் உள்ள டோம்பிவிலிக் கடைக்கு அனுப்புவதும் வெளி மாநில விற்பனையாகவே எடுத்துக் கொள்ளப்படும். இது தெரியாமல் ஜவ்வரிசி மூட்டை அனுப்பிவிட்டு நோட்டீஸ் வாங்குவதைவிட, ஆடிட்டரிடம் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசிவிடலாம். உணவுப் பாதுகாப்புப் பதிவும் இடத்தைப் பொறுத்தது, புதுக் கடைக்குப் புதிதாக எடுக்க வேண்டும்.

வீடும் கடையும் வாடகைக்கு எடுப்பதில் அங்குள்ள முறை வேறு. லீவ் அண்ட் லைசென்ஸ் என்று 11 மாதத்துக்கு எழுதுவது வழக்கம். 1999ஆம் ஆண்டு மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி அதை எழுத்தில் எழுதிப் பதிவும் செய்ய வேண்டும். பதிவு செய்வது வீட்டுக்காரரின் பொறுப்பு. வெறும் ஸ்டாம்ப் பேப்பரில் கையெழுத்து போதும் என்று தரகர் சொன்னால் கேட்க வேண்டாம். ஹெவி டெபாசிட் என்று பெரிய தொகையை மொத்தமாக வாங்கிக் கொண்டு வாடகையே இல்லாமல் விடுவதும் உண்டு. மாதச் சம்பளக்காரருக்கு அது ஆதாயமாகத் தெரியலாம். வியாபாரிக்கு அந்தப் பணம் சரக்குக்குப் போட வேண்டிய முதல். அது வீட்டுக்காரரிடம் முடங்கிக் கிடந்தால் தீபாவளிச் சரக்கு கடனில்தான் வாங்க வேண்டியிருக்கும்.

விலைக்கு வாங்குவதானால் இன்னும் எச்சரிக்கை தேவை. போலி அனுமதிப் பத்திரங்களைக் காட்டிக் கட்டிய 65 கட்டடங்களை இடிக்கும்படி 2024 நவம்பரில் மும்பை உயர் நீதிமன்றம் கல்யாண்-டோம்பிவிலி மாநகராட்சிக்கு உத்தரவிட்டது. பணம் கொடுத்துக் குடியேறிய குடும்பங்கள் அதில் சிக்கிக் கொண்டன. மாநகராட்சி அனுமதி எண்ணை விற்பவர் தரும் நகலில் பார்த்தால் போதாது, மாநகராட்சி அலுவலகத்திலேயே போய்ச் சரிபார்க்க வேண்டும்.

பிள்ளைகள் படிப்பு விஷயத்தில் வயதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 2020ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மகாராஷ்டிரத்தில் எந்தப் பாடத்திட்டப் பள்ளியானாலும் 1 முதல் 10ஆம் வகுப்பு வரை மராத்தி கட்டாயப் பாடம். தமிழும் ஆங்கிலமும் மட்டும் படித்த பையன் 2ஆம் வகுப்பில் போய்ச் சேர்ந்தால் ஒரு வருடத்தில் தெருவிலேயே கற்றுக் கொள்வான். 8ஆம் வகுப்பில் சேர்ந்தால் மராத்தியோடு பெரும்பாலும் இந்தியையும் எழுத்தில் இருந்து தொடங்க வேண்டும். அந்தச் சுமையில் கணக்கும் அறிவியலும் பின்தங்கும். 9, 10ஆம் வகுப்பில் இருக்கும் பிள்ளையை மாற்றவே வேண்டாம், பாட்டி வீட்டிலாவது விட்டு முடிக்கச் செய்யுங்கள். மாற்றுச் சான்றிதழில் கல்வி அதிகாரியின் மேலொப்பம் வாங்கிக் கொண்டு போனால் அங்கு கேள்வி வராது.

சாதிச் சான்றிதழைப் பற்றியும் தெரிந்து கொள்ள வேண்டும். இங்கு பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருப்பதால் அங்கு அந்தச் சலுகை தானாகக் கிடைத்துவிடாது, ஒவ்வொரு மாநிலத்துக்கும் பட்டியல் தனி. பின்னாளில் பிள்ளை தமிழ்நாட்டில் பொறியியல் படிக்க வந்தால் பிறப்பிடச் சான்றிதழ் கேட்பார்கள். அதற்கு வேண்டிய பழைய பள்ளிச் சான்றுகளையும் தகப்பனாரின் ஆவணங்களையும் ஊரை விட்டுப் போகும் முன் ஒரு கோப்பில் சேர்த்து வைக்க வேண்டும். மோட்டார் சைக்கிளைக் கொண்டு போய் 12 மாதத்துக்கு மேல் ஓட்டினால் அங்கு பதிவு எண் மாற்ற வேண்டும். பழைய வண்டியை இங்கேயே விற்றுவிடுவது மேல்.

குடும்பத்தை மாற்ற ஏற்ற காலம் சித்திரை, வைகாசி. அங்கும் பள்ளி ஜூன் மாதத்தில்தான் திறக்கிறது. அதற்குள் வீடு அமைந்துவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் மழை நம் ஊர் ஐப்பசி மழை போன்றதல்ல. 2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுருஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. உல்லாஸ் ஆறு பெருகி கல்யாண் பக்கமும் வெள்ளம் புகுந்தது. 2019 ஜூலையில் பதலாப்பூர் அருகே ஒரு விரைவு ரயிலே தண்ணீரில் நின்றுவிட்டது. அரிசி, சர்க்கரை மூட்டைகளைத் தரையில் அடுக்கும் வியாபாரம் நம்முடையது. ஆகவே வெயில் காலத்தில் பளபளப்பாகச் சுண்ணாம்பு அடித்து வைத்திருக்கும் கடையைப் பார்த்து அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். முந்தின வருடம் ஆடி மாதத்தில் தனியாக ஒரு முறை போய், நல்ல மழை பெய்யும் நாளில் அந்தத் தெருவில் நில்லுங்கள். பக்கத்துக் கடைத் தையற்காரரிடம் தண்ணீர் எந்தப் படி வரை ஏறும் என்று கேளுங்கள். அந்தப் படிக்கு மேல் பலகை போட்டுச் சரக்கு அடுக்க இடம் இருந்தால் பேச்சைத் தொடங்கலாம்.