கோக்குவின் தொண்டைக்குச் சொந்தக்காரர்

'டிராகன் பால்' அனிமேஷன் தொடரில் நாயகன் கோக்கு கத்தினால் மலை பிளக்கும். தோள் புடைத்த அந்த வீரனுக்கு ஜப்பானிய மூலத்தில் குரல் கொடுப்பவர் ஒரு பெண்மணி என்றால் நம்புவீர்களா? பெயர் மசாகோ நொசாவா. 1936இல் டோக்கியோவில் பிறந்தவர். தொடர் 1986இல் தொடங்கியபோது அவருக்கு வயது 49. 2024இல் 'டிராகன் பால் டைமா' வெளியானபோது 87. அப்போதும் கோக்கு அவர்தான்.

ஆணுக்கு எதற்குப் பெண் குரல்?

தொடக்கத்தில் கோக்கு சின்னப் பையன். ஒரு பையனையே பேசவைத்தால் என்ன என்று தோன்றும். ஆனால் பையன்களுக்குப் பதின்வயதில் குரல் உடைந்துவிடும். தொடரோ ஆண்டுக்கணக்கில் ஓடும். ஜப்பானியத் தொலைக்காட்சியின் ஆரம்ப நாட்களில் இன்னொரு சிக்கலும் இருந்தது. வெளிநாட்டுப் படங்களுக்கு நேரடி ஒளிபரப்பிலேயே குரல் கொடுத்தார்கள். தடுமாறினால் வீடு வீடாகக் கேட்கும். அதனால் மேடைப் பயிற்சி உள்ள பெண்களைத் தேடினார்கள். நாடகக் குழுவில் இருந்த நொசாவா செய்யூ (குரல் நடிகர்) ஆனது அப்படித்தான்.

கோக்கு வளர்ந்த பிறகாவது ஆளை மாற்றியிருக்கலாமே?

மாற்றவில்லை. நல்லவேளை என்பேன். கோக்கு எவ்வளவு வளர்ந்தாலும் உள்ளுக்குள் சோற்றைக் கண்டால் துள்ளும் பையன்தான். கட்டைக் குரல் வந்திருந்தால் அந்த வெகுளித்தனம் போயிருக்கும்.

அவர் கோக்கு மட்டும் இல்லை. மகன்கள் கோஹான், கோட்டென், தந்தை பார்டாக், கோக்குவின் சாயலில் வரும் வில்லன்கள் டர்லஸ், கோக்கு பிளாக் எல்லாமே அவர்தான். அப்பாவும் மகனும் பேசிக்கொள்ளும் காட்சியில், உண்மையில் ஒரே ஆள் தனக்குத்தானே பேசிக்கொள்கிறார்! தனித்தனியாகப் பதிவுசெய்து ஒட்டுவார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை. திரையில் முகம் வந்ததும் அந்த ஆளாகவே மாறிவிடுவதாக அவர் சொல்லியிருக்கிறார்.

மொழி தெரியாத நமக்கு இந்தக் குரல் வித்தியாசம் எப்படிப் புலப்படும்?

சுலபம். ஒலி அமைப்பில் ஜப்பானிய மொழியைத் தேர்ந்தெடுங்கள். முதல் தடவை வசன வரிகளோடு பாருங்கள். அடுத்த தடவை கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். 'நான்' என்ற சொல்லைக் கவனித்தால் போதும். மலையில் வளர்ந்த கோக்கு நாட்டுப்புறப் பாணியில் 'ஒரா' என்பான். அம்மாவின் கண்டிப்பில் படித்து வளர்ந்த சின்னக் கோஹான் பவ்வியமாக 'போகு' என்பான். முரட்டு பார்டாக் 'ஒரே' என்பான் (நம் 'ஒரே' இல்லை!). சொல்லோடு மூச்சும் மாறும். கோக்குவின் மூச்சு தாராளமாகத் திறந்து வரும், கோஹானுடையது தயங்கித் தயங்கி வரும்.

எங்கே தொடங்கலாம் என்றால், 'செல்' என்ற வில்லனுடன் நடக்கும் இறுதிச் சண்டையைச் சொல்வேன். இறந்துபோன அப்பா கோக்கு ஊக்கம் கொடுக்க, மகன் கோஹான் முழு ஆற்றலையும் திரட்டும் கட்டம் அது. அந்த இரண்டு கத்தல்களும் அவருடையவை. இரண்டும் ஒன்றுபோல இருக்காது.

கின்னஸ் சான்றிதழும் வாங்கியிருக்கிறார். வீடியோ விளையாட்டில் ஒரே பாத்திரத்துக்கு 23 ஆண்டுகள் 218 நாட்கள் குரல் கொடுத்ததற்காக.

எனக்குப் பிடித்தது வேறொன்று. 1968இல் 'கெகெகெ நோ கிதாரோ' தொடரில் பேய்ச்சிறுவன் கிதாரோவுக்குக் குரல் கொடுத்தபோது அவருக்கு 31 வயது. 2018இல் அதே கதை புதிதாக வந்தது. 81 வயது நொசாவா இந்த முறை பேசியது கிதாரோவின் அப்பாவுக்கு.