கைப்பேசியில் ஒரு தாயம்

2020 ஊரடங்கின்போது தாமிரபரணிக் கரை வீடுகளிலும் லூடோ கிங் புகுந்தது. 2016-இல் வெளிவந்த இக்கைப்பேசி விளையாட்டு நம் தாயத்துக்குப் பங்காளி முறை. தாயத்தில் ஒன்று விழுந்தால் காய் இறங்கும். லூடோவில் ஆறு விழவேண்டும். பள்ளி வாசலை மிதியாத என் தாயார் அரைமணியில் பழகிக்கொண்டு என்னை வென்றும்விட்டார்கள். விழும் எண்ணுக்குப் படித்தவர், படியாதவர் என்ற பேதமில்லையன்றோ! பிள்ளையிடம் கைப்பேசியைக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போவது வேறு. கூட அமர்ந்து உருட்டுவது வேறு. ஆனால் ஒரு குறை: கட்டங்களைக் கருவியே எண்ணிவிடுகிறது. திண்ணையில் பித்தளைத் தாயக்கட்டை உருட்டிய நாளில், “அஞ்சும் மூணும் எட்டு” என்று அம்மா வாய்விட்டு எண்ணுவார்கள். நான் கூட்டல் கற்றது அங்கேதான். இரு கட்டையிலும் புள்ளியில்லாப் பக்கம் விழுந்தால் அது பன்னிரண்டாவது எப்படி என்பதை மட்டும் இன்றுவரை எந்தக் கணக்காசிரியரும் எனக்கு விளக்கியதில்லை.