ஈரசோனியம் உப்புக்களின் நிலைபேறு

அனிலீனை மிகையான ஐதரோகுளோரிக்கமிலத்திற் கரைத்து, பனிக்கட்டியிற் குளிரச்செய்து, சோடியம் நைத்திரைற்றுக் கரைசலைத் துளிதுளியாகச் சேர்ப்பின் பென்சீன் ஈரசோனியம் குளோரைட்டுப் பெறப்படும். வெப்பநிலை 5 பாகை செல்சியசைத் தாண்டலாகாது என நூல்கள் விதிக்கும். மாணாக்கர் இவ்விதியை மனனஞ் செய்வர். காரணம் வினவுவார் சிலரே.

இவ்வினச் சேர்வைகளை 1858ஆம் ஆண்டில் வெளிப்படுத்தியவர் பீற்றர் கிறீசு என்னும் சேர்மானிய அறிஞராவர். பின்னாளில் இங்கிலாந்திலே பியர் வடிக்கும் ஆலையொன்றிற் பணியாற்றிக்கொண்டே இவ்வாராய்ச்சியை அவர் தொடர்ந்தமை வியத்தற்குரியது.

தூய ஈரசோனியம் குளோரைட்டு நிறமற்ற பளிங்குருவினது, காற்றுப்படின் கபிலநிறமடையும். நீரில் எளிதிற் கரையும், ஈதரிற் கரையாது. கரைசல் மின்னைக் கடத்துதலால் அஃது அயன்களாலாய உப்பென்பது தெளிவு. இவ்வளவில் அஃது அமோனியம் குளோரைட்டை ஒக்கும். ஆயின் பின்னதைப் போத்தலிலிட்டு ஆண்டுக்கணக்கில் வைக்கலாம். முன்னதன் கரைசலோ, எமது நாட்டு வெப்பநிலையிற் சில மணி நேரத்துள் நைதரசனை வெளிவிட்டுப் பெரும்பாலும் பீனோலாய் மாறிவிடும்.

வேறுபாடு எங்ஙனம் எழுகின்றது? ஈரசோனியம் அயனில் இரு நைதரசன் அணுக்கள் மும்மைப்பிணைப்பாற் பிணைந்துள. காபனிலிருந்து அவை பிரியுமாயின் மிக உறுதியான நைதரசன் மூலக்கூறாகும். ஆதலின் பிரிதலே அவற்றிற்கு இயல்பு. எதைலமீன் போன்றவற்றிலிருந்து பெறப்படும் அயன் பனிக்கட்டியிலும் நில்லாது சிதைவது இதனாலேயே. அனிலீனிலிருந்து பெறப்படுவதில், வளையத்தின் இலத்திரன்கள் நேரேற்றத்தைப் பகிர்ந்துகொள்ளுதலாற் காபன்-நைதரசன் பிணைப்பு வலுப்பெறுகின்றது. நைதரசன் நீங்கியபின் எஞ்சும் பீனைல் அயனோ உறுதியற்றது. இவ்விரு தடைகளுமே உப்பைச் சிறிது காலம் காக்கின்றன. பரா நிலையில் மெதொட்சிக் கூட்டமிருப்பின் பகிர்வு மிகுதலால் நிலைபேறும் மிகும்.

உலர்ந்த திண்மத்தின் செய்தி வேறு. குளோரைட்டு, நைத்திரேற்று, பேர்குளோரேற்று என்னும் உப்புக்கள் உலர்ந்தபின் வெப்பத்தாலோ அடியாலோ வெடிக்கவல்லன. எனவே கரைசலை ஆவியாக்கிப் பளிங்கைக் காண விழைதல் எவ்வாற்றானும் தகாது. குடுவையின் கழுத்திற் கரைசல் காய்ந்து படிதலும் ஆபத்தே. கழுவுமுன் அதனைச் சுரண்டலாகாது. பாடநூல்கள் இதனை ஒருவரியிற் கூறியமைவது போதாதென்பது என் கருத்து.

திண்மநிலையில் எதிரயனின் தன்மை பெரிதும் முக்கியமானது. நாகக் குளோரைட்டுடன் இரட்டையுப்பாக்கிச் சாயத்தொழிலார் இவற்றைத் தூளாக விற்பர். புளோரோபோரேற்று உப்புக்கள் பல, வடித்து உலர்த்தி வைக்கத்தக்கன. அவற்றைக் கவனமாகச் சூடாக்கின் நைதரசனும் போரன் முப்புளோரைட்டும் நீங்க, புளோரோபென்சீன் எஞ்சும். 1927இல் பால்சு, சீமான் என்போர் கண்ட முறை இதுவே.