சாஃப்ட்வேர் எழுதுபவரும் இன்ஜினியர்தானா?

பிளஸ் 2 ரிசல்ட் வந்துவிட்டால் லெப்பைக்குடிக்காடானாலும் வி.களத்தூரானாலும் நம் வீடுகளில் இந்தப் பேச்சு எழாமல் இருக்காது. "கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் எடுப்பேன்" என்பான் மகன். வளைகுடாவில் கட்டட வேலை பார்த்துத் திரும்பிய அத்தா, "சிவில் படிப்பா, அதுதான் இன்ஜினியரிங். உட்கார்ந்து தட்டுறதெல்லாம் இன்ஜினியரிங்கா?" என்பார்.

அத்தாவின் கேள்வி பழைய கேள்விதான். 1968-ல் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ கூட்டிய மாநாட்டுக்கு 'சாஃப்ட்வேர் இன்ஜினியரிங்' என்று பெயர் வைத்தார்கள். பெருமைக்காக வைத்த பெயரல்ல. பாலம் கட்டுகிறவர்களிடம் உள்ள ஒழுங்கு நம்மிடம் இல்லையே என்று உறைக்க வேண்டும் என்பதற்காக வைத்தது.

இதை விளங்கிக்கொள்ள நமக்குப் பக்கத்திலேயே ஒரு சான்று இருக்கிறது. 1836-ல் கொள்ளிடத்தின் குறுக்கே அணைக்கரையில் கீழணை கட்டப்பட்டது. ஆர்தர் காட்டன் வகுத்த திட்டம். அதற்காகக் கங்கைகொண்ட சோழபுரம் கோயிலின் மதிலைப் பெயர்த்துக் கல் எடுத்தார்கள். ஊரார் எதிர்த்தும் கேட்கவில்லை. அந்த அநியாயம் தனிக்கதை. ஆனால் பொறியியல் கண்ணோடு பாருங்கள்: ராஜேந்திர சோழன் காலத்தில் சுவரில் வைத்த கல், 800 ஆண்டுகள் கழித்து ஆற்றுக்குள்ளும் வேலைக்கு ஆனது. கல்லின் பலம் அது போகும் இடத்துக்கெல்லாம் கூடவே போகும்.

சாஃப்ட்வேரில் அப்படி இல்லை. 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட் முதன்முறையாகப் பறந்தது. ஏரியன் 4 ராக்கெட்டில் குறையில்லாமல் ஓடிய ஒரு புரோகிராமை அப்படியே எடுத்து இதில் வைத்திருந்தார்கள். புதிய ராக்கெட்டின் பக்கவாட்டு வேகம் அதிகம். அதைச் சார்ந்த ஒரு எண், 32,767 வரை மட்டுமே கொள்ளும் இடத்தில் அடங்காமல் வழிந்தது. கணினி நின்றது. அதற்குத் துணையாக இன்னொரு கணினி இருந்தது; அதிலும் அதே புரோகிராம், ஆகவே அதே பிழை. சுமார் 40 விநாடிகளில் ராக்கெட் சிதறியது. ஒரு கல் விரிசல் விட்டால் பக்கத்துக் கல்லும் அதே நொடியில் விரிய வேண்டியதில்லை. ஒரே புரோகிராமின் நகல்களோ ஒரே நேரத்தில் விழும்.

பழைய பொறியியலில் பிழையே வராது என்பதல்ல. கீழணையின் காலத்து அணையான முக்கொம்பு மேலணையில் 2018 ஆகஸ்டில் வெள்ளத்தின்போது 9 மதகுகள் உடைந்தன. அதற்கு முன் அது 180 ஆண்டுகளுக்கு மேல் நின்றிருந்தது.

ஒரு இடத்தில் மட்டும் அத்தாவின் கணக்கு தவறு. மகன் தட்டுவது கொத்தனார் வேலை அல்ல. கட்டடத்தில் வரைபடம் ஒருவர் போடுவார், கட்டுவது வேறொருவர். சாஃப்ட்வேரில் கட்டும் வேலையைக் கணினியே சில நிமிடங்களில் முடித்துவிடுகிறது. மனிதன் எழுதுவது முழுக்க வரைபடம்தான். அதனால்தான் இன்று எழுதி, ஓட்டிப் பார்த்து, நாளை திருத்த முடிகிறது. அணையில் அது நடக்குமா? திருத்துவது இவ்வளவு சுலபம் என்பதே இந்தத் துறையின் வரம், கெட்ட பழக்கமும் அதுதான். 'பிறகு அப்டேட் கொடுத்துக்கொள்ளலாம்' என்ற அலட்சியம் அங்கிருந்துதான் வருகிறது.

நம் ஊரில் பெரிய கட்டடம் கட்ட அனுமதி வாங்க, பதிவு பெற்ற பொறியாளரின் கையெழுத்து வேண்டும். இடிந்தால் யாரைக் கேட்பது என்று தெரியும். நம் பணம் போய்வரும் செயலியை எழுதியவர் அப்படி எங்கும் கையெழுத்துப் போடுவதில்லை. ஒப்பிடுவதென்றால் இதை ஒப்பிட வேண்டும் என்பது என் எண்ணம். கல்லையும் கணினியையும் அல்ல.

கவுன்சிலிங்குக்கு முன் கல்லூரியைப் பார்க்கப் போகிறவர்கள், வேலைவாய்ப்புக் கணக்கோடு இதையும் விசாரியுங்கள்: எழுதிய புரோகிராமைச் சோதிப்பதற்குத் தனிப்பாடம் உண்டா? அடுத்தவர் எழுதியதில் பிழை கண்டுபிடிக்கும் பயிற்சி உண்டா? அங்கே படிக்கும் மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரிடமே கேட்டால் உள்ளது தெரிந்துவிடும்.