புளியங்கொழுந்து: பறிக்கும் முறையும் சமைக்கும் முறையும்

(ஒலக்கூர் வட்டார வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவரின் வானொலி உரை)



பங்குனி பாதி கடந்துவிட்டால் நம்ம ஒலக்கூர், திண்டிவனம் பக்கத்தில் கீரைக்குத் தட்டுப்பாடு வந்துவிடும். கிணற்றுத் தண்ணீர் கீழே இறங்கிவிடுகிறது. இருக்கிற தண்ணீரும் மல்லாட்டைக்கும் தர்பூசணிக்கும் போய்விடுகிறது. வீட்டுக் கொல்லையில் கீரைப் பாத்திக்கு யார் இறைப்பார்கள்? அந்தச் சமயத்தில், யாரும் ஒரு குடம் தண்ணீர் கூட ஊற்றாமல், தானாகவே துளிர்த்து நிற்பது புளிய மரம். அதன் கொழுந்தைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

திண்டிவனம் என்றால் விவசாயிகளுக்கு எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் நினைவுக்கு வரும். டி.எம்.வி. என்று ஆரம்பிக்கும் மணிலா, எள் ரகங்கள் எல்லாம் இந்த ஊரின் பெயரைத்தான் சுமக்கின்றன. ஆனால் ஊருக்கே பெயர் கொடுத்தது புளிய மரம் என்பார்கள். வடமொழியில் திந்திரிணி என்றால் புளி. திந்திரிணி வனம் திண்டிவனம் ஆயிற்று என்பது வழக்கு. ஊரில் உள்ள சிவன் கோயில் சுவாமிக்கும் திந்திரிணீஸ்வரர் என்றே பெயர். புளியங்காட்டில் இருந்துகொண்டு புளியங்கொழுந்தை மறக்கலாமா?

பயறு வகைச் செடிகளின் இளந்தளிரைத் தின்பது உலகத்தில் பல இடங்களில் உள்ள பழக்கம். சீனாவில் பட்டாணிக் கொடியின் நுனித் தளிரைக் கிள்ளி வதக்கிச் சாப்பிடுகிறார்கள். ஆப்பிரிக்காவில் காராமணி இலை அன்றாடக் கீரை. பட்டாணிக்குக் குளிர் வேண்டும். நம்ம வெயிலுக்கு அது ஆகாது. ஆனால் புளியும் அதே பயறு வகைக் குடும்பத்து மரந்தான். காயைப் பாருங்கள், அவரைக்காய் மாதிரி ஓட்டுக்குள் விதை வரிசையாக இருக்கும். ஆகவே பட்டாணித் தளிர் கிடைக்காத ஊருக்குப் புளியந்தளிர் என்று வைத்துக்கொள்ளலாம். ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் இதைச் சிந்தசிகுரு என்று சொல்லி, கோடை ஆரம்பத்தில் சந்தையில் எடை போட்டு விற்கிறார்கள். இங்கேயோ கூழுக்குத் துவையல் அரைத்த பழக்கம் பாட்டிமாரோடு போய்க்கொண்டிருக்கிறது.

எப்போது, எந்தக் கொழுந்து?

தை முதல் பங்குனி வரை புளி உலுக்குவோம். பழம் இறங்கும் சமயத்தில் மரம் பழைய இலையை உதிர்த்து, பங்குனி, சித்திரையில் புது இலை விடும். மழையே இல்லாதபோது எப்படித் துளிர்க்கிறது? புளிய மரத்தின் ஆணிவேர் ஆழமாக இறங்கி, மேல்மண் காய்ந்த பிறகும் அடிமண்ணின் ஈரத்தை எடுக்கும். அதனால்தான் ஏரி வற்றிக் கிடக்கும்போதும் ஏரிக்கரைப் புளி பச்சையாக நிற்கிறது.

சமையலுக்கு ஆவது மிக இளசான இலை மட்டும். நிறம் இளஞ்சிவப்பாகவோ வெளிறிய பச்சையாகவோ இருக்கும். இலைக்காம்பை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். நறுக்கென்று ஒடிந்தால் பறிக்கலாம். நார் இழுத்தால் விட்டுவிடுங்கள். அது முற்றிவிட்டது, எவ்வளவு வேகவைத்தாலும் வாயில் சக்கையாகத்தான் நிற்கும். எல்லா மரமும் ஒரே நாளில் துளிர்ப்பதில்லை. ஆகவே ஊரில் நாலைந்து மரம் இருந்தால் சில வாரங்களுக்குக் கொழுந்து கிடைத்துக்கொண்டிருக்கும். காலை வெயில் ஏறுமுன் பறித்தால் வாடாமல் இருக்கும். இரவில் புளிய இலை மூடிக்கொள்ளும், விடிந்து விரிந்த பிறகு பறிப்பது சுலபம்.

சமைக்கும்போது கவனிக்க வேண்டியது

கொழுந்தில் இருக்கிற புளிப்பு, பழத்தில் இருக்கிற அதே டார்டாரிக் அமிலத்தின் வேலைதான். இந்தப் புளிப்பைப் புரிந்துகொண்டால் சமையல் கெடாது.

முதலாவது, பருப்பையும் கொழுந்தையும் சேர்த்துப் போட்டு வேகவைக்காதீர்கள். "பருப்பு எத்தனை நேரம் ஆனாலும் வேகவே இல்லீங்க, பருப்பு பழசு போலிருக்கு" என்று சொல்லும் தாய்மார்கள் உண்டு. பருப்பின் மேல் குற்றமில்லை. பருப்பின் செல்களை ஒட்டி வைத்திருக்கும் பெக்டின் என்ற பசைப்பொருள் புளிப்பில் சீக்கிரம் இளகாது. ஆகவே பருப்பு நன்றாகக் குழைந்த பிறகே கொழுந்தைப் போட வேண்டும்.

இரண்டாவது, பாத்திரம். மண்சட்டி, எவர்சில்வர் நல்லது. அலுமினியச் சட்டியும் ஈயம் பூசாத பித்தளையும் வேண்டாம். புளிப்பு உலோகத்தை அரிக்கும்.

மூன்றாவது, கொதித்ததும் பச்சை நிறம் போய்ப் பழுப்பாகிவிடும். அதுவும் அமிலத்தினால்தான். கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

இனி செய்முறை. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு ஒரு ஆழாக்கு துவரம்பருப்பும் நாலு கைப்பிடி கொழுந்தும் போதும். கொழுந்தை இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, வடியவிட்டு, உள்ளங்கையில் வைத்துக் கசக்குங்கள். இலை உதிரும், ஈர்க்கு கையில் நிற்கும். ஈர்க்கை எறிந்துவிடுங்கள். பருப்பை மஞ்சள்தூள் போட்டுக் குழைய வேகவைத்து, பச்சைமிளகாய், சின்ன வெங்காயம், கொழுந்து சேர்த்து ஐந்து நிமிஷம் கொதிக்கவிட்டு, உப்புப் போட்டு மத்தால் கடையுங்கள். புளி கரைத்து ஊற்றக் கூடாது. கடுகு, சீரகம், பூண்டு, காய்ந்த மிளகாய் தாளித்தால் கடைசல் தயார்.

துவையலுக்கு, உளுத்தம்பருப்பும் காய்ந்த மிளகாயும் பூண்டும் எண்ணெயில் சிவக்க வறுத்து எடுத்துவிட்டு, அதே சட்டியில் கொழுந்தைப் போட்டுச் சுருள வதக்கி, உப்பு வைத்து அரைக்க வேண்டும். கேவுரு கூழுக்கு இதைவிடப் பொருத்தமான தொடுகறி வேண்டாம். அசைவம் சாப்பிடுகிற வீட்டில், மரக்காணம் பக்கத்திலிருந்து வரும் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பில் புளிக்குப் பதிலாகக் கொழுந்து போடலாம். கருவாடு பாதி வெந்ததும் போட்டால் போதும்.

மிஞ்சிய கொழுந்தை நிழலில் சருகாகக் காயவைத்து ஜாடியில் மூடி வையுங்கள். வறுத்த பருப்பு, மிளகாயோடு இடித்தால் ஆடி மாதம் வரைக்கும் சோற்றுக்குப் பொடி ஆகும்.

சத்து எப்படி என்று கேட்பீர்கள். 100 கிராம் இளங்கொழுந்தில் புரதம் 5 முதல் 6 கிராம் வரை, சுண்ணாம்புச் சத்து சுமார் 100 மில்லிகிராம் இருக்கிறது. கீரைக்கு இது நல்ல அளவு. ஆனால் வைட்டமின் ஏ சத்தில் முருங்கைக்கீரைக்கு இது ஈடாகாது. ஆகவே முருங்கையை விட்டுவிட்டு இதைப் பிடித்துக்கொள்ளச் சொல்லவில்லை. புளிப்பு அமிலத்துக்கு இன்னொரு குணம், பருப்பிலும் கேழ்வரகிலும் உள்ள இரும்புச் சத்தை உடம்பு ஏற்க உதவுவது. வயிற்றுப்புண் உள்ளவர்கள் மட்டும் அளவோடு சாப்பிட வேண்டும்.

காய் குறையுமா?

கிராமத்துக்குப் போனால் இந்த விஷயத்தில் இரண்டு கட்சி இருக்கிறது. குத்தகை எடுத்தவர், "பொம்பளைங்க கொழுந்தை உருவிட்டுப் போறாங்க, அப்புறம் எங்கிருந்துங்க காய் பிடிக்கும்? பணம் கட்டினவன் நான்" என்பார். தாய்மார்கள், "இத்தாம் பெரிய மரத்தில் ரெண்டு கொத்து கிள்ளினா குறைஞ்சா போயிடும்?" என்பார்கள். இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

புளி பூப்பது பழைய கிளையில் அல்ல. இந்தப் பங்குனி, சித்திரையில் வரும் புதுத் துளிரின் நுனியிலும் கணுக்களிலுந்தான் வைகாசி வாக்கில் பூங்கொத்து வரும். அந்தப் பூ காயாகிப் பழுக்க எட்டு மாதத்துக்கு மேல் ஆகும். ஆகவே நுனியோடு கொழுந்தை ஒடித்தால், அடுத்த தை மாதத்துப் பழத்தை இன்றைக்கே ஒடித்த மாதிரி. துரட்டி போட்டுக் கிளையையே இழுத்து முறிப்பது இன்னும் மோசம்.

மறுபக்கம், மரத்தின் எல்லாக் கொழுந்தும் காய் தருவதில்லை. வெயில் படும் மேல்கிளையிலும் வெளிக்கிளையிலுந்தான் பூ அதிகம். நிழலில் உள்ள தாழ்கிளை, அடிமரத்தில் நேராகக் கிளம்பும் நீர்ப்போத்து, இவற்றில் காய்ப்பு மிகக் குறைவு. நீர்ப்போத்தை எப்படியும் நீக்கத்தான் வேண்டும்.

ஆகவே இரு கட்சிக்கும் நான் சொல்கிற வழி இது. நீர்ப்போத்தில் முழுக்கொழுந்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். நிலத்தில் நின்றபடி கைக்கு எட்டும் தாழ்கிளையில், நுனிக் குருத்தை விட்டுவிட்டு, அதற்குக் கீழே உள்ள இரண்டு மூன்று இளம் இலைகளை மட்டும் கிள்ளுங்கள். உருவ வேண்டாம். மேல்கிளையைத் தொட வேண்டாம். மரத்தில் ஏறவும் வேண்டாம். ஒரு கடைசலுக்காகக் கை கால் முறித்துக்கொள்ளக் கூடாது. பிறர் மரமானால் கேட்டுப் பறியுங்கள். சாலையோர மரங்களிலும் ஏரிக்கரை மரங்களிலும் மகசூல் ஏலம் விடப்படுவது உங்களுக்குத் தெரியும். ஏலம் எடுத்தவரும் தாழ்கிளையிலே பறிக்கிற பெண்களை விரட்டாமல் இருந்தால் அவருக்கு நஷ்டம் ஒன்றும் வந்துவிடாது.

எந்த மரத்தில் பறிக்கக் கூடாது?

பெரிய சாலை ஓரத்து மரம் வேண்டவே வேண்டாம். ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ஆம் ஆண்டோடு நாடு முழுவதும் நிறுத்தப்பட்டது உண்மைதான். ஆனாலும் முன்பு படிந்த ஈயம் சாலையோர மண்ணை விட்டுப் போவதில்லை. டயர், பிரேக் தேய்ந்த தூசியும் புகைக்கரியும் இளம் இலையில் படிகின்றன. அலசினால் எல்லாம் போய்விடும் என்று சொல்ல முடியாது. அதே போல, பக்கத்து வயலில் பூச்சிமருந்து அடித்திருந்தால் காற்றில் பறந்துவந்து கொழுந்தில் விழும். தர்பூசணிக்கும் கத்தரிக்கும் மருந்து அடிக்கிற காலமும் கொழுந்துக் காலமும் ஒன்றாக இருப்பதால், பறிக்குமுன் வயல்காரரைக் கேட்டுவிடுங்கள்.

பாத்தியில் புளியங்கீரை

ஊருக்குள் புளிய மரம் குறைந்துகொண்டே வருகிறது. 2000-க்குப் பிறகு சென்னை – திருச்சி சாலையை நான்கு வழியாக்கியபோது எத்தனையோ மரங்கள் போயின. புது மரம் வளர்ந்து நிழல் தரப் பல வருஷம் ஆகும். ஆனால் கொழுந்துக்கு அத்தனை காலம் காத்திருக்கத் தேவையில்லை. புளியங்கன்று முளைத்துச் சாணளவு வளர்ந்தாலே அதன் இலை கீரைதான்.

புளி உடைக்கும்போது குவியும் கொட்டையில் நல்ல திரட்சியானதாகப் பொறுக்கி, ஒரு இரவு தண்ணீரில் ஊறவையுங்கள். பாத்திரம் கழுவின தண்ணீர் பாயும் இடத்தில் ஒரு சிறு பாத்தி கொத்தி, மக்கிய எரு போட்டு, இரண்டு விரல் இடைவெளியில் ஊன்றுங்கள். இது பயறு குடும்பமானாலும் வேரில் முடிச்சு வைத்துத் தழைச்சத்தைத் தானே தயாரித்துக்கொள்ளும் வகை அல்ல, ஆகவே எரு அவசியம். கன்று சாணளவு வந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கத்தில் துளிர்க்கும். அதைத் திரும்பத் திரும்பக் கிள்ளலாம். இதில் காயை எதிர்பார்க்கவில்லை, ஆகவே நுனியைக் கிள்ளுவதில் தோஷமில்லை. வேலியோரம் வரிசையாக ஊன்றி, இடுப்பு உயரத்துக்கு மேல் போகாமல் கவாத்து செய்துவந்தால், ஆடு கடிக்காமல் பார்த்துக்கொள்கிற வரைக்கும் வருஷா வருஷம் கொழுந்து வேலியாகவே நிற்கும்.

காய்க்காக மரம் வேண்டும் என்பவர்கள் கொட்டை போடாமல் ஒட்டுக்கன்று வாங்குவதே மேல். பெரியகுளத்தில் தேர்வு செய்து வெளியிட்ட பி.கே.எம்.1 ரகத்து ஒட்டுக்கன்று, கொட்டை போட்டு வளர்த்த மரத்தைவிட வெகு சீக்கிரம் காய்க்கத் தொடங்கும். மரத்துக்கு மரம் பத்து மீட்டர் இடைவெளி விடுங்கள். தரிசு மேட்டிலும் ஏரி உள்வாய்க்கு வெளியே உள்ள புறம்போக்கிலும் ஊராட்சியைக் கேட்டு நடலாம்.

ஆக, நீர்ப்போத்திலும் தாழ்கிளையிலும் பறியுங்கள், நுனிக் குருத்தை விடுங்கள், பருப்பு வெந்த பிறகு போடுங்கள். இந்த மூன்றையும் இந்தப் பங்குனியிலேயே செய்து பாருங்கள். கன்று, எரு பற்றிச் சந்தேகம் இருந்தால் உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலும் தோட்டக்கலை அலுவலகத்திலும் வந்து கேளுங்கள்.