எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்? கோலப் புள்ளியில் ஒரு கணக்கு



"பேங்க் எவ்வளவு தூரம்?" என்று யாராவது கேட்டால், "இதோ, பக்கம்தான்" என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் ஒரு கையெழுத்துப் போடப் போய்வர அரை நாள் கூலி போகிறது. பணத்துக்குப் பைசா சுத்தமாகக் கணக்கு வைக்கிற நாம், நேரத்துக்குக் கணக்கு வைப்பதில்லை. இந்த மாதம் அதைப் பார்ப்போமா?

பாஸ்புக்கில் இருக்கும் கணக்குதான்

குழுவில் சேரும்போது 50 ரூபாய் நுழைவுக் கட்டணம். பிறகு மாதம் 100 ரூபாய் சேமிப்பு. 10 மாதத்தில் நாம் கட்டியது எவ்வளவு? 50 + 1000 = 1050 ரூபாய். முதலில் ஒரு தொகை, அதற்குப் பிறகு மாதாமாதம் ஒரே சீராகக் கூடுகிறது. இதற்குப் பள்ளிக்கூடத்தில் 'நேரிய சார்பு' என்று பேர். பேர்தான் பெரிசு, விஷயம் நமக்குத் தெரிந்ததுதான்.

பயணமும் இப்படித்தான். ஆகும் நேரம் = காத்திருக்கும் நேரம் + (ஒரு கிலோ மீட்டருக்கு ஆகும் நிமிடம் × தூரம்).

நடையா, பஸ்ஸா?

சாதாரணமாக நடந்தால் ஒரு கிலோ மீட்டருக்கு 15 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். நடைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. பஸ் ஒரு கிலோ மீட்டரை 3 நிமிடத்தில் கடக்கும். ஆனால் ஸ்டாப்பில் அரை மணி நேரம் நிற்க வேண்டும்.

2 கிலோ மீட்டர்: நடை 30 நிமிடம், பஸ் 36 நிமிடம்.
3 கிலோ மீட்டர்: நடை 45 நிமிடம், பஸ் 39 நிமிடம்.
6 கிலோ மீட்டர்: நடை 90 நிமிடம், பஸ் 48 நிமிடம்.

இதை வாசலில் கோலப் புள்ளி வைத்தே பார்க்கலாம். கிடையாக ஒரு புள்ளி தள்ளினால் ஒரு கிலோ மீட்டர். மேலே ஒரு புள்ளி ஏறினால் 15 நிமிடம். நடைக்கோடு மூலையில் தொடங்கி, ஒரு புள்ளி தள்ளி ஒரு புள்ளி ஏறும். பஸ் கோடு தொடக்கத்திலேயே இரண்டு புள்ளி மேலே இருக்கும். அதுதான் நாம் நின்ற அரை மணி. அதற்குப் பிறகு ஐந்து புள்ளி தள்ளினால்தான் ஒரு புள்ளி ஏறும். இரண்டு கோடும் இரண்டரை கிலோ மீட்டரில் வெட்டிக்கொள்ளும். அதற்குள் என்றால் நடை சீக்கிரம், அதைத் தாண்டினால் பஸ் சீக்கிரம். தலையில் சுமை இருந்தால் நடை மெதுவாகும், கோடு செங்குத்தாக ஏறும், அப்போது இன்னும் குறைந்த தூரத்திலேயே பஸ் முந்திவிடும்.

2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டில் அரசு சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் ஸ்டாப்பில் நிற்கும் நேரம் இலவசம் இல்லையே! பஸ் வரும் நேரத்தை எழுதி வைத்து, 10 நிமிடம் முன்னால் போனால் 48 நிமிடம் 28 நிமிடமாகக் குறையும். பஸ்ஸை நாம் வேகமாக ஓட்ட முடியாது. காத்திருப்பைக் குறைப்பது நம் கையில் இருக்கிறது.

உயிர் காக்கும் கணக்கு

பிரசவ வலி கண்டால் 108 ஆம்புலன்ஸைக் கூப்பிடுகிறோம். வண்டி 12 கிலோ மீட்டர் தள்ளி நிற்கிறது, ஆஸ்பத்திரியும் அங்கேதான் என்று வையுங்கள். வர 12, போக 12, ஆக 24 கிலோ மீட்டர். கிலோ மீட்டருக்கு 2 நிமிடம் என்றால் 48 நிமிடம். தாயை வண்டியில் ஏற்ற 10 நிமிடம். மொத்தம் 58 நிமிடம். "இன்னும் கொஞ்சம் பாக்கலாம்" என்று வீட்டில் அரை மணி நேரம் தாமதித்தால் அது 88 நிமிடம். ரோட்டைச் சுருக்க முடியாது, தாமதத்தைச் சுருக்கலாம். அதனால் வலி தொடங்கினாலோ, பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் பட்டாலோ உடனே போன் செய்யுங்கள். தூரத்துக் கிராமம் என்றால், நாள் நெருங்கும்போது எங்கே தங்குவது என்று கிராம சுகாதார நர்ஸிடம் முன்பே பேசி வைப்பது நல்லது.

ஒன்றை மறக்க வேண்டாம். மலைப்பாதை, மழைக்காலச் சேறு, ரயில்வே கேட் இவையெல்லாம் கோட்டை வளைத்துவிடும். அதனால் கணக்கில் வரும் நேரத்தோடு கொஞ்சம் சேர்த்தே கிளம்ப வேண்டும்.

அடுத்த கூட்டத்தில் செய்ய வேண்டியது

பேங்க், ரேஷன் கடை, ஆரம்ப சுகாதார நிலையம், பெரியாஸ்பத்திரி இந்த நான்குக்கும் நம் ஊரிலிருந்து எத்தனை கிலோ மீட்டர், எவ்வளவு காத்திருப்பு, மொத்தம் எத்தனை நிமிடம் என்று ஒரு சார்ட்டில் எழுதி, கூட்டம் நடக்கும் இடத்தில் ஒட்டுங்கள். எழுத வராத அக்காமார் புள்ளி வைக்கட்டும், பிள்ளைகள் கோடு போடட்டும். அந்த சார்ட்டில் கர்ப்பிணித் தாய்மாரின் வீடுகளையும் குறித்து வைத்தால், அவசரத்தில் யாரும் திகைத்து நிற்க வேண்டியிருக்காது.