1+2+3+4… கூட்டினா மைனஸ் 1/12 வருமா? துறைமுக கிளார்க் ராமானுஜன் சொன்னது என்ன?

1, 2, 3, 4 என்று முடிவே இல்லாமல் கூட்டிக்கொண்டே போனால் விடை மைனஸ் 1/12. இப்படி ஒரு வீடியோ உங்க ஃபீடிலும் வந்திருக்கலாம். இதை எழுதியவர் ராமானுஜன். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் கிளார்க் வேலைக்குச் சேர்ந்தவர். தண்டையார்பேட்டையில இருந்து பீச் ஸ்டேஷன் பக்கம் போறவங்க பார்க்கிற அதே துறைமுகம்தான்.

அப்போ அவர் கணக்கு தப்பா? புரிஞ்சுக்க ரெண்டு வார்த்தை போதும்: ஒருங்குதல், விரிதல்.

ஒருங்குதல்னா என்ன?

தண்டையார்பேட்டையிலிருந்து துறைமுகத்துக்கு நடக்கிறீங்க. முதலில் பாதி தூரம், அப்புறம் மீதியில் பாதி, மறுபடி மீதியில் பாதி. அதாவது 1/2+1/4+1/8+… எத்தனை உறுப்புகளைக் கூட்டினாலும் 1-ஐத் தாண்டாது. ஆனால் 1-ஐ எவ்வளவு வேண்டுமானாலும் நெருங்கலாம். அந்த 1தான் இதன் கூடுதல். இது ஒருங்கும் தொடர்.

விரிதல்?

இப்போ 1+1/2+1/3+1/4+… இதிலும் உறுப்புகள் சுருங்கிக்கிட்டே பூஜ்ஜியத்தை நெருங்குது. எங்கேயாவது நிற்கும்னு தோணும். நிற்காது. 1/3+1/4 அரையைவிட அதிகம். 1/5 முதல் 1/8 வரை கூட்டினாலும் அரைக்கு மேல். அடுத்த 8 உறுப்புகளும் அப்படியே. அரை அரையாகச் சேர்ந்து எந்த எண்ணையும் தாண்டிவிடும். என்ன, ரொம்ப மெதுவா: 10-ஐத் தாண்டவே 12,367 உறுப்புகள் வேணும்.

தேர்வில் பலர் சறுக்குவது இங்கேதான். உறுப்பு பூஜ்ஜியத்தை நெருங்கினால் மட்டும் தொடர் ஒருங்கிவிடாது.

அப்போ மைனஸ் 1/12?

1+2+3+… சந்தேகமே இல்லாமல் விரியும் தொடர். அதனால்தான் 1912-ல் ராமானுஜனின் முடிவுகளைப் பார்த்த லண்டன் பேராசிரியர் எம்.ஜே.எம். ஹில், விரியும் தொடர்களின் குழியில் இவர் விழுந்துவிட்டார் என்று எழுதினார். ராமானுஜன் பின்வாங்கவில்லை. 1913 பிப்ரவரியில் கேம்பிரிட்ஜின் ஹார்டிக்கு அதே முடிவை எழுதி, இதைச் சொன்னால் என்னைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்புவீர்கள் என்றும் சேர்த்தார்.

ஹார்டிக்கு விஷயம் புரிந்தது. மைனஸ் 1/12 என்பது கூட்டி வந்த விடை இல்லை. 'என் கோட்பாட்டின்படி' என்றுதான் ராமானுஜனும் எழுதியிருந்தார். விரியும் தொடருக்கும் ஒரு மதிப்பைக் கொடுக்கும் தனி விதி அது. ரீமானின் ஸீட்டா சார்பில் மைனஸ் 1-ஐப் போட்டாலும் இதே எண்தான் வரும்.

அடுத்த முறை அந்த வீடியோ வந்தா, '=' குறிக்கு எந்த விதியில் அர்த்தம் சொல்றாங்கன்னு முதல்ல பாருங்க. சாதாரணக் கூட்டல்னு சொன்னா, அது தப்பு.